நீலகிரியில் மூன்று இரவு: "ஈகோ" போர்டை நம்பாமல் தங்குமிடம் பிடிப்பது எப்படி?

#1 · கூவம்கரை

சென்னையிலிருந்து நான்கு பேர். அக்டோபர் கடைசி வாரம், நீலகிரியில் மூன்று இரவு. மலைக்குப் பாரமாக இல்லாமல் போய்வர வேண்டும். தங்குமிடம் தேடினால் பக்கத்துக்குப் பக்கம் "ஈகோ ரிசார்ட்", "கிரீன் ஸ்டே", "மண் வீடு", "மூங்கில் குடில்". எது நிஜம், எது போர்டு மட்டும் என்று வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பது? கார் எடுப்பதா, ரயிலா? மசினகுடி பக்கம் காட்டுக்குள் ஒரு இரவு தங்கலாமா? பொத்தாம்பொதுவாக "குறைவாகத் தண்ணீர் செலவழியுங்கள்" என்பது வேண்டாம். கணக்கும் காரணமும் சொல்பவர்கள் எழுதுங்கள்.

#2 · கேத்திப்பள்ளம்

முதலில் போக்குவரத்து. சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலை 6 மணி தாண்டி மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் பஸ் ஸ்டாண்டு. அங்கே குன்னூர் வழி ஊட்டி பஸ், கோத்தகிரி பஸ் இரண்டும் கிடைக்கும்.

பஸ்ஸில் போனால் இ-பாஸ் (வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) தொல்லை இல்லை. சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் எடுக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கும் விலக்கு.

மலை ரயில் பற்றிக் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி மதியம்தான் ஊட்டி சேரும். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. அழகுக்காகவும் வரலாற்றுக்காகவும் ஏறுங்கள், சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி ஏறாதீர்கள். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் நீராவி எஞ்சின் எண்ணெய் எரித்துத்தான் ஓடுகிறது. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின். அதே மலையை ஒரு முழு பஸ் இதைவிடக் குறைந்த எரிபொருளில் ஏறிவிடும். இன்னொன்று: அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து பாதை அடைபடுவது வழக்கம். ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போட்டால் மேட்டுப்பாளையத்தில் பையோடு நிற்க வேண்டியிருக்கும்.

#3 · கணக்குப்பிள்ளை

கேத்திப்பள்ளம் சொன்னதற்கு எண் போடுகிறேன்.

கார்: சென்னை–ஊட்டி போக வர சுமார் 1,120 கி.மீ. சமவெளியில் லிட்டருக்கு 15, மலையில் 9 அல்லது 10 என்று வைத்தால் 75 முதல் 80 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் 2.31 கிலோ கரியமில வாயு. மொத்தம் 180 கிலோ. நான்கு பேர் என்பதால் தலைக்கு 45. தனி ஆளாகப் போனால் 180-ம் அவர் கணக்கு.

ரயில் + பஸ்: இந்தியப் பயணிகள் ரயிலுக்கு ஓர் ஆள் ஒரு கி.மீ. போக சுமார் 8 கிராம், பஸ்ஸுக்கு சுமார் 15 கிராம் என்பது 2015-ல் இந்தியாவுக்கென்று தனியாகப் போட்ட கணக்கு. மலையேற்றத்துக்காகப் பஸ்ஸை இரட்டிப்பாக்கினாலும் போக வர தலைக்கு 12 கிலோவைத் தாண்டாது.

விமானம்: அதே கணக்கில் கி.மீ.க்கு 121 கிராம். கோவை வரை போக வர 100 கிலோ. அதற்குமேல் டாக்ஸி.

ஆக, காரை விட்டு ரயிலில் போனால் தலைக்கு 33 கிலோ மிச்சம். இந்த 33-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதில் பாதியை ஊட்டி அறைக்குள்ளேயே தொலைக்கலாம். 2 கிலோவாட் ரூம் ஹீட்டர் இரவு 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட். நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு சுமார் 0.73 கிலோ. ஓர் இரவுக்கு 11.7 கிலோ, மூன்று இரவுக்கு 35. அறையில் இரண்டு பேர் என்றால் தலைக்கு 17.5. வந்த வழியில் சேர்த்ததில் பாதி தூங்குகிற இடத்தில் போய்விடும்.

#4 · வார்க்கிப்பிரியன்

ஹீட்டர் இல்லாமல் ஊட்டியில் தூங்கு என்கிறீர்களா? நல்ல யோசனை, எனக்கு வேண்டாம்.

#5 · கணக்குப்பிள்ளை

தூங்கலாம் சார். சூடு வேண்டியது உடம்புக்கு, அறையின் கூரைக்கு அல்ல. 2 லிட்டர் ரப்பர் சுடுதண்ணீர்ப் பை ஒன்றை நிரப்ப 0.15 யூனிட் போதும். ஹீட்டரின் 16 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது, ரப்பர் இளகி வாய்ப்பகுதி கசியும். கொதித்தபின் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முக்கால் பங்கு ஊற்றி, பக்கவாட்டில் அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். துணியுறை போட்டுப் படுப்பதற்கு 20 நிமிடம் முன்பு கம்பளிக்குள் கால் பக்கம் வையுங்கள். நல்ல கம்பளியும் காலுறையும் இருந்தால் அக்டோபருக்கு இது தாராளம்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் போகிறவர்கள் ஹீட்டர் போடத்தான் வேண்டியிருக்கும். அப்போது கம்பி சிவக்கும் ரகத்தை விட, எண்ணெய் நிரப்பிய, தெர்மோஸ்டாட் உள்ள ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அறை சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும். கதவடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் எந்த ஹீட்டரும் அணையாது. ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள்.

குளியலுக்கு: 25 லிட்டர் கீசர் 12 டிகிரியிலிருந்து 47 டிகிரிக்கு வர ஒரு யூனிட். பக்கெட்டில் கலந்து குளித்தால் ஒரு டேங்க் இரண்டு பேருக்கு வரும். பத்து நிமிட ஷவருக்கு 90 லிட்டர் வரை போகும்.

#6 · குழாய்மேஸ்திரி

எல்லாரும் கரியமில வாயுவையே எண்ணுகிறீர்கள். மலையில் ஒரு விடுதி செய்யும் பெரிய கெடுதல் அதன் புகையில் இல்லை, கழிவுநீரில் இருக்கிறது. ஊட்டி ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் என்ன கொண்டுவருகிறது என்று கரையில் நின்று பார்த்தால் விளங்கும்.

பத்து அறை, இருபது படுக்கை உள்ள காட்டேஜை எடுத்துக்கொள்வோம். படுக்கைக்கு நாளுக்கு 180 லிட்டர் என்பது வடிவமைப்புக் கணக்கு. 3,600 லிட்டர் உள்ளே போனால் 2,900 லிட்டர் கழிவாக வெளியே வரும். வீடாக இருந்தபோது ஐந்து பேருக்குக் கட்டிய செப்டிக் டேங்கில் இது ஒரு நாள்கூடத் தங்காது. கழிவு குறைந்தது 24 மணி நேரம் தங்கினால்தான் கசடு அடியில் படியும். தங்காவிட்டால் கசடும் சேர்ந்து உறிஞ்சுகுழிக்குப் போய் மண்துளைகளை அடைக்கும். மழைக்காலத்தில் மலைமண் ஏற்கெனவே ஊறிப்போயிருக்கும், உறிஞ்சாது. பிறகு என்ன, பொங்கிச் சரிவில் இறங்கிக் கீழ் வீட்டுக்காரர் ஊற்றில் கலக்கும். செப்டிக் டேங்க் ஒழுங்காக வேலை செய்தாலே கழிவின் பாரத்தில் பாதிதான் குறையும், மிச்சத்தை மண் சுத்தம் செய்ய வேண்டும்.

முன்பதிவுக்கு முன் போனில் கேட்க வேண்டியவை:

செப்டிக் டேங்கா, எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமா? டேங்க் என்றால் கடைசியாக எப்போது லாரி வந்து எடுத்தது? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். "இதுவரை எடுக்கவேண்டியதே வரல சார், அவ்வளவு நல்ல டேங்க்" என்று பெருமையாகச் சொன்னால், அது எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

எஸ்.டி.பி. என்றால் சுத்திகரித்த தண்ணீர் எங்கே போகிறது? ஃபிளஷுக்கும் தோட்டத்துக்கும் என்றால் நல்லது. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் லேசாக மஞ்சள் கலந்து வந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது நல்ல அறிகுறி.

எஸ்.டி.பி. தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயர் நாள் முழுக்க ஓடுகிறதா? கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் அணைத்துவைக்கும் இடங்கள் உண்டு. காற்று நின்றால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர் செத்துவிடும், தொட்டி வெறும் சாக்கடை ஆகிவிடும். மலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சீசன் இல்லாதபோது ஆள் இல்லை, நுண்ணுயிருக்குத் தீனி இல்லை. சீசன் முதல் வாரத்தில் திடீரென்று முழுக் கூட்டம் வரும். குளிரில் நுண்ணுயிர் மெதுவாகத்தான் பெருகும் என்பதால் அந்த வாரம் முழுக்கப் பாதி சுத்தமான தண்ணீர்தான் வெளியே போகும். விவரம் தெரிந்த பராமரிப்பாளர் சீசனுக்கு முன்பே வேறு தொட்டியிலிருந்து சேறு கொண்டுவந்து கலந்து தயார்படுத்துவார். இதைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லத் தெரிந்தவர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு புக் பண்ணலாம்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. ஈரத் துடைப்பான், நாப்கின் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். துடைப்பானில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான். அது கரையாமல் பம்பில் சுற்றிக்கொள்ளும்.

#7 · கூவம்கரை

குழாய்மேஸ்திரி அண்ணே, நன்றி. அப்படியென்றால் சின்ன ஹோம்ஸ்டே நல்லது, பெரிய ஓட்டல் கெட்டது என்று நினைத்தது தப்பா?

#8 · குழாய்மேஸ்திரி

அளவை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் கூடவே வசிக்கும் இரண்டு மூன்று அறை ஹோம்ஸ்டே, தனி நிலம், ஒழுங்கான டேங்க் என்றால் அதுதான் முதலிடம். 40 அறை ஓட்டல், ஓடுகிற எஸ்.டி.பி.யோடு இருந்தால் இரண்டாமிடம். மோசமானது நடுவில் இருக்கிறது: வீடாக அனுமதி வாங்கி, மாடி ஏற்றி, பத்துப் பன்னிரண்டு அறையாகப் பிரித்த காட்டேஜ். பேருந்து நிலையத்தில் புரோக்கர் கூட்டிப் போகும் இடங்கள் பல இந்த ரகம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசின் அளவை வைத்து நிறம் பிரித்த 2016 வகைப்பாட்டில், 20 அறைக்கு மேல் 100-க்குள் இருந்தால் ஆரஞ்சு, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டரும் அதற்கு மேலும் கழிவுநீர் விட்டால் சிவப்பு. இந்த அளவில் உள்ளவர்களிடம் இயக்க இசைவாணை, அதாவது விடுதியை நடத்த வாரியம் தரும் அனுமதி, இருக்க வேண்டும். "இசைவாணை எத்தனாம் தேதி வரைக்கும் இருக்கு?" என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவர் விழிக்கிறாரா, தேதி சொல்கிறாரா என்பதிலேயே பாதி விடை.

#9 · லேபிள்வேட்டை

முத்திரைகள் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஜி.எஸ்.டி.சி. என்ற உலக நிலைத்த சுற்றுலா மன்றம் அளவுகோலை வகுக்கும், சான்று தரும் அமைப்புகளை அங்கீகரிக்கும், விடுதிக்கு நேரடியாகச் சான்றிதழ் தராது. "நாங்கள் ஜி.எஸ்.டி.சி.யிடம் சான்று வாங்கியவர்கள்" என்று யாராவது சொன்னால், எந்தச் சான்று அமைப்பு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். கிரீன் கீ என்ற விடுதி முத்திரை 1994-ல் டென்மார்க்கில் தொடங்கியது. இதற்கு ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். லீட், ஐ.ஜி.பி.சி. என்ற பசுமைக் கட்டட மதிப்பீடுகள் பெரும்பாலும் கட்டடத்துக்கு. கட்டும்போது வாங்கிய தங்க முத்திரை, இன்றைக்கு எஸ்.டி.பி. ஓடுகிறதா என்று சொல்லாது.

முன்பதிவு இணையதளத்தின் பச்சை இலையை நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். புக்கிங்.காம் 2021-ல் கொண்டுவந்த நிலைத்த பயண முத்திரை, விடுதிகள் தாங்களே டிக் அடித்த விவரங்களை வைத்துக் கொடுக்கப்பட்டது. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் சொன்ன பிறகு 2024-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்றாம் தரப்புச் சான்று இருக்கிறதா என்பதை மட்டும் காட்டுகிறார்கள்.

நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சு விளம்பரத்துக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் போட்டது. "ஈகோ", "பசுமை", "இயற்கைக்கு உகந்தது" என்று போட்டால் எந்த வகையில் என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏ.சி. வெளியூனிட் ஓடும் குடில்களுக்கு இதைப் பயன்படுத்தலாம். ஊட்டியில் ஏ.சி. எதற்கு என்று கேட்காதீர்கள், "ஹாட் அண்ட் கோல்ட்" என்று விற்கிறார்கள்.

#10 · குழாய்மேஸ்திரி

லேபிள்வேட்டை சொன்னதோடு ஒன்று. சமவெளியில் நன்றாக ஓடும் "ஈகோ" சாதனம் 2,200 மீட்டர் உயரத்தில் படுத்துவிடும். விளம்பரத்தில் இவை இருந்தால் கொஞ்சம் தோண்டுங்கள்.

சாண எரிவாயு, சமையல்கழிவு எரிவாயு: மீத்தேன் தரும் நுண்ணுயிருக்கு 30-லிருந்து 35 டிகிரிதான் இஷ்டம். 15-க்குக் கீழே ஏறக்குறைய வேலைநிறுத்தம். கலனைப் பூமிக்குள் புதைத்து, மேலே வைக்கோலோ தெர்மாகோலோ போர்த்தி, வெந்நீரில் கரைத்து ஊற்றினால் ஓரளவு ஓடும். அப்படிச் செய்யாத கலன் வெறும் காட்சிப்பொருள்.

சூரிய வெந்நீர்: தட்டை ரகத்தில் உறைபனி இரவில் குழாய் வெடிக்கும். கண்ணாடிக்குழாய் ரகம் தாங்கும். ஆனால் மூடுபனி மாதத்தில் எதுவானாலும் உள்ளே இருக்கும் மின்கம்பிதான் சூடாக்குகிறது. தானியங்கியாக விட்டிருந்தால் ராத்திரி முழுக்க ஓடும். ஹீட் பம்ப் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டரை, மூன்று யூனிட் சூடு தரும். நல்ல முதலீடு செய்தவர் என்று தெரியும்.

உரக்குழி: குளிரில் மெதுவாக மட்கும். திறந்த குழியாக இருந்தால் மட்குவதற்குள் வேறு ஆள் வந்துவிடும். அதைச் சீகூர்வாசி சொல்லட்டும்.

#11 · சீகூர்வாசி

கரடி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் சமையல்கழிவைத் தேடிக் கரடி கடைக்கதவை உடைப்பது புதிதல்ல. திறந்த குப்பை காட்டுப்பன்றியையும் தெருநாயையும் இழுக்கும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அப்புறம் "எங்கள் ரிசார்ட்டில் சிறுத்தை பார்க்கலாம்" என்று விளம்பரம். குப்பைத்தொட்டி பூட்டிய அறையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "கரடி வந்தா பால்கனியிலிருந்து பார்க்கலாம்" என்று ஆசை காட்டினால் ஒதுங்குங்கள்.

கூவம்கரை மசினகுடி கேட்டீர்கள். என் கருத்து: தனியார் விடுதி வேண்டாம்.

சீகூர்ப் பீடபூமி, முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் இணைக்கும் யானைப் பாதை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவில் கழுத்து மாதிரி. தமிழக அரசு 2010-ல் இதை யானை வழித்தடமாக அறிவிக்கை செய்தது. 2018-ல் உச்சநீதிமன்ற உத்தரவில் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 தீர்ப்பில் வழித்தட அறிவிக்கை செல்லும் என்று உறுதியானது. பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் ஒரு விடுதி என்றால் நிலத்தின் சட்ட நிலை என்ன என்பதை நீங்கள் போனில் சரிபார்க்கவே முடியாது. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை எறிந்ததில் ஒரு யானை செத்ததையும் மறந்துவிடக்கூடாது.

மின்வேலி, இரவு விளக்கு, ஒலிபெருக்கி, கேம்ப்ஃபயர், நான்குமே யானையின் நடையை மாற்றுபவை. வேலியைச் சுற்றிப்போகும் யானை அடுத்த ஊர் வாழைத்தோட்டத்துக்குள் போகும், பழி யானைக்கு.

காட்டில் தங்கத்தான் வேண்டும் என்றால் தெப்பக்காடு வட்டாரத்தில் வனத்துறை ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். சஃபாரியும் வனத்துறை வண்டியில்தான். ராத்திரி ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்பது சட்டவிரோதம், எவ்வளவு "இயற்கை ஆர்வலர்" மாதிரிப் பேசினாலும். பந்திப்பூர் வழி சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல், அதற்குத் தகுந்தபடி நேரம் வையுங்கள்.

#12 · வார்க்கிப்பிரியன்

சீகூர்வாசி, உடன்படவில்லை. எல்லாரும் இப்படிக் கிளம்பினால் மசினகுடியில் ஜீப் ஓட்டி, சமையல் செய்து பிழைக்கிற பழங்குடி ஆட்கள் என்ன செய்வார்கள்? ரிசார்ட் மூடியபோது வேலை போனது முதலாளிக்கு அல்ல.

#13 · சீகூர்வாசி

நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். வேலை போனது உண்மை. அதற்காகத்தான் பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும் வழியைத் தேடச் சொல்கிறேன். கூடலூர், முதுமலை வட்டாரத்தில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் உண்ணிச்செடித் தண்டை வேகவைத்து, தோலுரித்து, வளைத்து நாற்காலியும் ஆளுயர யானைகளும் செய்கிறார்கள். அந்தச் செடி காட்டை மூடி மானுக்கும் யானைக்கும் புல் இல்லாமல் செய்கிற அயல் களை. அதை வெட்டி எடுப்பது காட்டுக்கும் லாபம். கோத்தகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் தேன், மிளகு, சிறுதானியம் விற்கிறது. தோடர் பூத்தையலுக்கு 2013-லிருந்து புவிசார் குறியீடு. கடையில் சால்வை வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கையால் போட்டதில் நூல் எண்ணி எண்ணி எடுத்திருக்கும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மெஷின் வேலையின் பின்பக்கத்தில் வெள்ளை நூல் கன்னாபின்னா என்று ஓடும்.

விடுதி விஷயத்திலும் உள்ளூர் ஆள் முதலாளியாக இருக்கும் ஹோம்ஸ்டே என்றால், வழித்தடத்துக்கு வெளியே, எனக்கு ஆட்சேபம் இல்லை.

#14 · வார்க்கிப்பிரியன்

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு வேறு இழை திறக்கிறேன்.

#15 · கேத்திப்பள்ளம்

நாள் பற்றியும் இடம் பற்றியும் ஒன்று. அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. அதை நேராக வாங்குவது கிழக்குச் சரிவு, அதாவது கோத்தகிரி, குன்னூர், பர்லியார். 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்தப் பக்கத்தில்தான் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தலைகீழ்: கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. அப்போது கோத்தகிரி ஓரளவு மழைமறைவு. எனவே உங்கள் தேதிக்கு ஊட்டி அல்லது கேத்திக்கு மேற்கே பாருங்கள்.

சரிவில் இருக்கும் விடுதியின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். செங்குத்தாக வெட்டிய மண்சுவர் அறைக்குப் பின்னால் நிற்கிறதா? தடுப்புச்சுவர் இருந்தால் அதில் வரிசையாக நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா? துளை இல்லாத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கும், அந்த எடையில் சுவர் வயிறு தள்ளும், பிறகு ஒரே சாய்வாகச் சாயும். "மலையோடு இயைந்த கட்டுமானம்" என்று எழுதியிருப்பதை விட அந்தத் துளைகள் நம்பகமானவை.

ஏப்ரல், மே மாதம் வருகிறவர்களுக்கு: குன்னூரில் அப்போது தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். விடுதிக்கு லாரித் தண்ணீர் என்றால் அது ஏதோ ஒரு ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ உறிஞ்சியது. "தண்ணீர் எங்கிருந்து?" என்பதையும் மேஸ்திரியின் பட்டியலில் சேருங்கள்.

#16 · மின்வண்டி

கோவையிலிருந்து இ.வி. காரில் ஏறுகிறவர்கள் கவனிக்க. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240. 1.7 டன் வண்டியை 1,900 மீட்டர் உயர்த்தவே 9 யூனிட் வேண்டும். சாலை உராய்வு, மோட்டார் இழப்பு எல்லாம் சேர்த்து 16 முதல் 18 யூனிட். 30 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் அந்த 50 கி.மீ.யிலேயே போய்விடும். மேட்டுப்பாளையத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏறுங்கள்.

பலரும் தப்பு செய்வது இறங்கும்போது. ஊட்டியில் இரவு முழுக்கப் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிட்டு இறங்குவார்கள். நிரம்பிய பேட்டரி பிரேக் ஆற்றலை வாங்காது. முழுப் பாரமும் சாதாரண பிரேக்குக்கு வரும், சூடேறி நாற்றம் அடிக்கும். 80 அல்லது 85-ல் நிறுத்திவிட்டு இறங்குங்கள், 4 அல்லது 5 யூனிட் திரும்ப ஏறும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் இரண்டாம் கியர். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததற்குக் காரணமே பிரேக் பழுத்து நடந்த விபத்துகள்தான்.

#17 · கூவம்கரை

இவ்வளவையும் வைத்து மாற்றிய திட்டம். போக நீலகிரி எக்ஸ்பிரஸ் + பஸ். மூன்று இரவும் ஒரே இடம், ஊட்டிக்கு மேற்கே, வீட்டுக்காரர் கூடவே இருக்கும் மூன்று அறை ஹோம்ஸ்டே. செப்டிக் டேங்க் போன வருடம் எடுத்ததாக, கேட்டதும் சொன்னார்கள். ஹீட்டர் வேண்டாம் என்றதற்குச் சந்தோஷப்பட்டு வாடகையில் கொஞ்சம் குறைத்தார்கள். மசினகுடி தங்கல் இல்லை, ஒரு பகல் மட்டும் கூடலூர் வழி மைசூர் போகும் பஸ்ஸில் தெப்பக்காடு போய் வனத்துறை சஃபாரி. திரும்பும்போது குன்னூர் வரை மலை ரயில், அங்கிருந்து மேட்டுப்பாளையம் பஸ். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

#18 · கேத்திப்பள்ளம்

ஒரே இடத்தில் மூன்று இரவு என்பது சரியான முடிவு. விரிப்பும் துண்டும் ஒரு தடவை துவைத்தால் போதும். ஊட்டி–குன்னூர் ரயில் நல்லது, கேத்தி வழியாக அழகான பாதை. ஆனால் மேட்டுப்பாளையத்தில் ராத்திரி 9 மணி சுமாருக்கு எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். மழையில் பர்லியாரில் வண்டிகள் நின்றால் இரண்டு மணி நேரம் போய்விடும், மதியம் 2 மணி தாண்டாமல் ஊட்டியை விடுங்கள். தெப்பக்காட்டுக்கும் விடுதிக்காரரிடம் சஃபாரி நடக்கிறதா என்று முதல் நாள் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

#19 · குழாய்மேஸ்திரி

தண்ணீர்: 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்தில் தடை. கல்லார், பர்லியார், குஞ்சப்பனை, கக்கநல்லா சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ரயிலில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டிலை மேட்டுப்பாளையத்திலேயே தீர்த்துவிடுங்கள். தலைக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில். ஹோம்ஸ்டேயில் ஊற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்கவைக்கும் நேரம் கவனம். அந்த உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் ஒரு நிமிடம் போதும், அங்கே மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். மின்கெட்டில் கொதித்த உடனே தானே அணைந்துவிடும், அதனால் அடுப்பில் பாத்திரம் வைத்துக் கேளுங்கள்.

#20 · வார்க்கிப்பிரியன்

வழியில் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது, 5 ரூபாய் போட்டால் ஒரு லிட்டர். காசு கேட்கும் மெஷின் ஜி-பேயைக் கண்டால் முறைக்கும். சென்னையிலிருந்தே ஐந்து ரூபாய் நாணயம் இருபது கொண்டுபோங்கள். பாட்டிலின் வாய் அகலமாக இருக்கட்டும், குறுகிய வாயில் பாதி வெளியே கொட்டும். ஊட்டி வார்க்கி (மொறுமொறு பிஸ்கட்) வாங்க மட்டும் துணிப்பை வேண்டாம், டிபன் பாக்ஸ். பையில் போட்டால் தூளாகத்தான் வீடு வந்து சேரும்.